உயரம் 170, ஃபிரேம் 56: ஸ்டெம்மை மாத்தினா போதுமா, ஃபிரேமையே மாத்தணுமா?

நொய்யல்கரை, திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கேன், வயசு 41. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம் விடியக்காலையில சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சேன். ஆறு மாசம் சாதா கியர் சைக்கிள். போன மாசம் கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட பழைய ரோடு பைக் வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், சீட் குழாயில 56-னு ஸ்டிக்கர். "உங்க உயரத்துக்குப் பொருந்தும்"னாரு. ஏறி ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுக் காசைக் குடுத்துட்டேன்.

இப்ப என்னன்னா, பல்லடம் போய்த் திரும்பி வீடு வர்றதுக்குள்ள ரெண்டு கையிலயும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதுங்க. கழுத்தும் பிடிக்குது. இடது முழங்கால் சில்லுக்குக் கீழ முன்பக்கமா ஒரு வலி. நேத்து அடுக்கா விரிச்சுப் போட்ட துணி மேல கட்டிங் மிஷினை நகத்தறப்போ சுண்டு விரல் இருக்கிற உணர்வே இல்லை. கத்தி ஓடற மிஷினுங்க அது. பயந்து நிறுத்திட்டேன்.

அளவெல்லாம் எழுதறேன். உயரம் 170 செ.மீ. உள்கால் 76. அதை 0.883-ஆல பெருக்கணும்னு படிச்சேன், 67 வந்துச்சு. கிராங்க் அச்சு (பெடல் கை ரெண்டும் சுத்தற அச்சு) நடுவுல இருந்து சீட் மேல் வரைக்கும் 67 வெச்சிருக்கேன். ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க் தண்டோட சேக்கற துண்டு) 110 மி.மீ., கீழ் பாத்த மாதிரி இருக்குது. ஹேண்டில் எட்டணுமேன்னு சீட்டை அதுக்கடியில இருக்கிற தண்டவாளக் கம்பியில முடிஞ்ச மட்டும் முன்னாடி தள்ளிட்டேன்.

60 மி.மீ. ஸ்டெம் போட்டாச் சரியாகுமா? இல்லை வித்துட்டு 52 வாங்கணுமா?

சூலூர் காத்து

வித்துருங்க அண்ணா. 170-க்கு 56 பெருசுதான். எங்க மச்சான் ஒரு வருசம் போராடிட்டுக் கடைசியில வித்தாரு.

அவிநாசி ரோடு

விக்கறதுக்கு முன்னாடி ஸ்டெம்மை மாத்திப் பாருங்க. நான் 60 போட்டு ஓட்டறேன், கை எட்டுது.

ரசமட்டம், பொள்ளாச்சி

தம்பி, ரெண்டையும் செய்யறதுக்கு முன்னாடி ஒரு நாள் பொறுங்க. உங்க அளவுல எனக்கு ஒண்ணு இடிக்குது. 170 உயரத்துக்கு உள்கால் 76-ங்கறது நெம்பக் குறைவு. அப்படிக் குட்டைக் கால் இருக்கிறவங்களும் உண்டு, ஆனா எப்படி அளந்தீங்கன்னு சொல்லுங்க. பேண்ட்டை வெச்சு அளந்தீங்களா?

சைக்கிளுக்கு வேண்டியது எலும்பு வரைக்குமான அளவு. செருப்பில்லாம, முதுகு செவுத்துல ஒட்ட, பாதம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் விட்டு நில்லுங்க. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தோட ஒரு ஓரம் செவுத்துல ஒட்டற மாதிரி வெச்சு, கால் நடுவுல மேல ஏத்துங்க. சீட் எந்த அளவுக்கு அழுத்துமோ அந்த அளவுக்கு அழுத்தணும். கூச்சப்பட்டு விட்டீங்கன்னா ரெண்டு மூணு சென்டிமீட்டர் போயிரும். புத்தகத்தோட மேல் ஓரத்துல பென்சில் கோடு போட்டுத் தரையில இருந்து அளங்க. மூணு தடவை அளந்து பாருங்க.

அப்படியே ஃபிரேமையும் அளங்க. ஸ்டிக்கர்ல இருக்கிற 56 எதோட அளவுன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தக் காலத்துல மேல் குழாய் படுக்கை வசமா இருந்துச்சு, சீட் குழாய் நீளத்தைச் சொன்னாப் போதும். இப்ப மேல் குழாய் சரிஞ்சு வர்றதால அந்த நம்பரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. சைக்கிளைச் சமதரையில நேரா நிறுத்தி, பின் சக்கரத்தைச் செவுத்துல முட்ட வெச்சுக்கோங்க. செவுத்துல இருந்து கிராங்க் அச்சு நடு வரைக்கும் ஒரு அளவு, ஹெட் குழாயோட மேல்வாய் நடு வரைக்கும் ஒரு அளவு. கழிச்சா வர்றது ரீச். அதே ரெண்டு புள்ளிக்கும் தரையில இருந்து உயரம் எடுத்துக் கழிச்சா ஸ்டாக். தூக்குக்குண்டு இருந்தா சுத்தமா வரும்.

நொய்யல்கரை

அண்ணா, நீங்க சொன்னது சரிங்க. எங்க தொழில்ல உள்கால்னா கவட்டைத் தையல்ல இருந்து கால் மடிப்பு வரைக்கும். எனக்குப் பொருந்தற பேண்ட்டுல அதுதான் 76. புத்தகம் வெச்சு மூணு தடவை அளந்தேன்: 80.5, 80.5, 80.

ஃபிரேம் ரீச் 39 செ.மீ., ஸ்டாக் 56.5. மேல் குழாய்க்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு நின்னா ரெண்டு விரக்கடை இடம் இருக்குது. ஸ்டெம்முக்கு மேல 10 மி.மீ. வளையம் ரெண்டு சும்மா உக்காந்திருக்குது, அது எதுக்குன்னு தெரியலீங்க.

ரசமட்டம், பொள்ளாச்சி

ஆச்சு, விசயம் தெளிவாயிருச்சு. 80.5-ஐ 0.883-ஆல பெருக்குங்க: 71.1. நாலு சென்டிமீட்டர் தாழ்வா மிதிச்சிருக்கீங்க. முழங்கால் முன்னாடி வலிக்கிறதுக்கு முதல் சந்தேகம் இதுதான். சீட் தாழ்ந்தா முட்டி அதிகமா மடங்கி, சில்லு அழுந்தும். பின்பக்கம் வலிச்சா சீட் உயரமான்னு பாக்கணும்.

அந்த 0.883 கிரெக் லெமாண்ட் பேரால பரவின கணக்கு. 1986, 1989, 1990-ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சவர். அவரோட பயிற்சியாளர் கிமார்கிட்ட இருந்து வந்தது. அதே வழியில ஃபிரேமுக்கு உள்கால் பெருக்கல் 0.665-னு ஒண்ணு உண்டு, உங்களுக்கு 53.5 வரும். அது படுக்கைக் குழாய் ஃபிரேமுக்கான கணக்குன்னாலும் ஒரு சேதி சொல்லுது: உங்க அளவு 54. கையில இருக்கிறது ஒரு படி பெருசு, ரெண்டு படி இல்லை.

ஒரு படி பெருசுன்னா எவ்வளவு தூரம்? 54-க்கும் 56-க்கும் ரெண்டு சென்டிமீட்டர் நீளம் கூடும்னு நினைக்காதீங்க. ரீச் பெரும்பாலும் 5-ல இருந்து 10 மி.மீ. தான் கூடும். நீங்க கட்டிங் மாஸ்டர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எம்-ல இருந்து எல்லுக்குப் போறப்போ மார்பு கூடற அளவுக்கு நீளம் கூடாதுல்ல, அதே மாதிரிதான். இதை ஸ்டெம்மால சரி பண்ணிக்கலாம். ஃபிரேமை விக்கவேண்டாம்.

ஆனா வரிசை முக்கியம். முதல்ல சீட், கடைசியிலதான் ஹேண்டில். சீட் எங்க இருக்கணும்னு முடிவு பண்றது பெடல், ஹேண்டில் இல்லை. நீங்க எட்டலைன்னு சீட்டை முன்னாடி தள்ளினீங்க, அங்கதான் கை மரத்துச்சு. இப்பவே எந்திரிச்சுப் பாருங்க: குதிகாலும் பின்பக்கமும் செவுத்துல ஒட்ட நின்னு, காலுக்கு முன்னாடி ஒரு துண்டைப் போட்டு, முட்டி மடக்காமக் குனிஞ்சு எடுங்க. முன்னாடி சாஞ்சிருவீங்க. செவுத்தை விட்டு ரெண்டடி தள்ளி நின்னு குனிஞ்சா பின்பக்கம் தானாப் பின்னாடி போகும், எடை நிக்கும். சைக்கிள்லயும் அதேதான். இடுப்பு பெடலுக்குப் பின்னாடி போதுமான அளவு இல்லைன்னா, மேல் உடம்போட பாரம் முழுக்க உள்ளங்கைக்கு வரும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போற நரம்பு உள்ளங்கையோட அந்த ஓரத்துலதான் ஹூட் (பிரேக் லீவரோட மேல்பிடி) மேல அழுந்துது.

செய்யவேண்டியது: சீட்டை ஒரே நாள்ல நாலு சென்டிமீட்டர் ஏத்தாதீங்க, வாரத்துக்கு ஒண்ணுன்னு ஏத்துங்க. சீட் போஸ்ட்டுல குறைந்தபட்ச ஆழக் கோடு இருக்கும், அது வெளிய தெரியக்கூடாது. குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் அடியில இருக்கறப்போ கால் நேரா வரணும். பின்னால இருந்து யாரையாவது பாக்கச் சொல்லுங்க. இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினா அஞ்சு மி.மீ. இறக்குங்க. சீட் மேல ஒரு பலகை வெச்சு ரசமட்டம் பாருங்க, மூக்கு கீழ சாஞ்சிருந்தா வழுக்கி முன்னாடி வருவீங்க, அந்தப் பாரமும் கைக்குத்தான்.

அப்புறம் கிராங்கைப் படுக்கை வசமா நிறுத்தி, முன்னங்காலோட முட்டிக்குக் கீழ இருக்கிற எலும்பு மேட்டுல இருந்து தூக்குக்குண்டை விடுங்க. நூல் பெடல் அச்சு கிட்ட விழணும். இது சட்டமில்லை, ஆரம்பிக்க ஒரு இடம். கொஞ்சம் பின்னாடி விழுந்தாலும் தப்பில்லை. உங்களுக்கு இப்ப நெம்ப முன்னாடி விழும்.

சிறுவாணி ரோட்டுக்காரி

ரசமட்டம் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். சீட் குழாய் சாய்வு 73 டிகிரின்னு வெச்சுக்கிட்டா, சீட்டை 4 செ.மீ. ஏத்தறப்பவே அது 12 மி.மீ. பின்னாடியும் போகும். தண்டவாளத்துல நடுவுக்குக் கொண்டு வந்தா இன்னும் தூரமாகும். அதனால ஹேண்டில் தள்ளி, தாழ்ந்து தெரியும். பயப்படாதீங்க, அதுக்குத்தான் அந்த ரெண்டு வளையம்.

அதை ஸ்டெம்முக்கு அடியில போட்டா ஹேண்டில் 19 மி.மீ. ஏறும், 6 மி.மீ. கிட்டயும் வரும், ஏன்னா ஃபோர்க் தண்டும் பின்னாடி சாஞ்சுதான் இருக்குது. ஸ்டெம் 6 டிகிரின்னா, 110-ஐ எடுத்துட்டு 90-ஐ மேல் பாத்த மாதிரி திருப்பிப் போடுங்க; 25 மி.மீ. கிட்ட வரும், 14 மி.மீ. ஏறும். ரெண்டும் சேந்து மூணு சென்டிமீட்டர் கிட்ட, மூணுக்கு மேல உயரம். உங்களுக்கு அது போதும்னு நினைக்கிறேன்.

60 வேண்டாங்க. ரோடு பைக்ல 80-க்குக் கீழ போனா ஹேண்டில் தொட்டதுக்கெல்லாம் திரும்பும், முன் சக்கரத்து மேல பாரமும் குறையும். சமதரையில தெரியாது. வால்பாறையில இருந்து ஆழியாறுக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்போ தெரியும். நான் 70 போட்டு ஒரு தடவை இறங்கினேன். பஸ் எதிர்ல வந்தப்போ ஒதுங்கினது தேவைக்கு ரெண்டு மடங்கு திரும்பி, சரளைக்கல்லுல இறங்கி நின்னேன். கை நடுங்கிப் போச்சு.

80 ஸ்டெம்மை மேல் பாத்துப் போட்டும் எட்டலைன்னா அப்ப ஃபிரேமை விக்கலாம்.

வாங்கறப்போ பாக்கவேண்டியது: ஹேண்டில் பிடிக்கிற வாய் 31.8 மி.மீ.யா, ஃபோர்க் தண்டு பிடிக்கிற வாய் 28.6 மி.மீ.யான்னு. உங்க பழைய ஸ்டெம்லயே அடிச்சிருக்கும்.

மஞ்சக்காடு, ஈரோடு

நடுவுல புகுந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. என் உயரம் 155. சின்ன ஃபிரேம்தான், ஆனா திரும்பறப்போ ஷூ நுனி முன் சக்கரத்துல தட்டுது. ஃபிரேம் தப்பா?

சிறுவாணி ரோட்டுக்காரி

இல்லைங்க அக்கா. 700சி சக்கரம் போட்ட சின்ன ஃபிரேம்கள்ல இது இருக்கறதுதான். வேகமாப் போறப்போ ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. மெதுவா வளைச்சுத் திருப்பறப்போ மட்டும் திரும்பற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலை முன்னாடி கொண்டு வராதீங்க. முன்பாதத்தோட நடுப்பகுதி அச்சு மேல இருக்குதான்னும் பாருங்க, பாதத்தை முன்னாடி தள்ளி வெச்சு மிதிச்சா இன்னும் தட்டும்.

அவிநாசி ரோடு

என் 60-ஐப் பத்தி யோசிக்க வெச்சுட்டீங்க. இன்னிக்கு சீட்டைப் பாத்தேன், என்னுதும் முன்னாடி முட்டிக்கிட்டுத்தான் இருக்குது.

நொய்யல்கரை

நாலு வாரம் கழிச்சு எழுதறேன். சீட் இப்ப 70.5. 71-ல பையனைப் பின்னால ஓட்டிட்டு வரச் சொன்னேன், "அப்பா, இடுப்பு ஆடுது"ன்னான், இறக்கிட்டேன். தூக்குக்குண்டு கம்பெனி பக்கத்துல கட்டடம் கட்டற கொத்தனார்கிட்ட வாங்கினேன். முன்னாடி நூல் பெடல் அச்சைத் தாண்டி மூணு விரக்கடை முன்னாடி விழுந்துச்சு. இப்ப அச்சு மேலயே விழுகுது.

முட்டி வலி மூணாவது வாரத்துல போயிருச்சு. ஸ்டெம் 90, மேல் பாத்து, வளையம் ரெண்டும் அடியில. முதல் ரெண்டு நாள் ஹேண்டில் மூஞ்சிக்கிட்ட இருக்கிற மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. பல்லடம் போய் வந்தேன், விரல் மரக்கலை. நேத்து உடுமலை ரோட்டுல 50 கிலோமீட்டர், கடைசியில லேசா ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

ரசமட்டம், பொள்ளாச்சி

நெம்ப சந்தோசம் தம்பி. ஆடிக் காத்துல ஓட்டி அளவு சரியில்லைன்னு முடிவு பண்ணிராதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எதிர்ல அடிக்கிறப்போ எல்லாருமே ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சுக் குனிவோம், எந்த அளவும் தப்பாத்தான் தெரியும். காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி விடியக்காலையில ஓட்டிப் பாருங்க.

ஸ்டெம் மாட்டினது யாரு? மேல் மூடியை இறுக்கினதுக்கப்புறம்தான் பக்கத்து போல்ட் ரெண்டையும் இறுக்கணும். முன் பிரேக்கைப் பிடிச்சுட்டு வண்டியை முன்னாடி பின்னாடி ஆட்டுங்க, ஹெட்டுல டக்குனு சத்தம் வந்தா ஆட்டம் இருக்குதுன்னு அர்த்தம். முன் மூடி போல்ட் நாலையும் குறுக்கு மறுக்கா இறுக்குங்க, மேல கீழ இடைவெளி ஒரே மாதிரி வரணும். ஸ்டெம்லயே எத்தனை நியூட்டன் மீட்டர்னு அடிச்சிருக்கும், பெரும்பாலும் 5. கார்பன் தண்டா இருந்தா டார்க் ரெஞ்ச் (இறுக்கற அளவைக் காட்டற ஸ்பேனர்) இல்லாமத் தொடாதீங்க.

இன்னொண்ணு. சைக்கிள் எடுக்காத நாள்லயும் விரல் மரத்தா ஸ்டெம்மைப் பாக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்காகச் சொல்றேன்.

நொய்யல்கரை

சரிங்ணா. டாக்டர்கிட்டயும் போன வாரம் காட்டிட்டேன். போல்ட் வேலை எங்க மெக்கானிக் டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான் செஞ்சாரு, ஹெட்டுல ஆட்டம் இல்லை.

பழைய 110 ஸ்டெம் வீட்டுல சும்மா கெடக்குதுங்க. 31.8 வாய், 6 டிகிரி. திருப்பூர், பல்லடம் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, காசு வேண்டாம். முன் மூடி போல்ட்ல ஒண்ணு துருப்பிடிச்சிருக்குது, அதை மட்டும் புதுசாப் போட்டுக்கோணும்.