ஒருவர் காருக்கு ஒத்துப்போன பொருளை இன்னொருவர் நம்பி வாங்கலாமா?

நீலவண்ணன் எழுதியது:

பெயின்டைக் காக்கப் பூசும் செராமிக் கோட்டிங், வாக்ஸ் எனும் மெழுகு, ஷாம்பு, வீல் கிளீனர் என எதைப் பற்றிக் கேட்டாலும், கார் டீடெயிலிங் ஆர்வலர்கள், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்குவதில் ஈடுபாடுள்ளவர்கள், உடனே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொருள் எந்த வகைப் பெயின்டின் மேல் பூசப்பட்டது, காரைக் கழுவும் தண்ணீர் எத்தகையது, கார் வெயிலில் நிற்கிறதா நிழலில் நிற்கிறதா, பூசி எத்தனை மாதம் கழித்து இந்தத் தீர்ப்பு சொல்லப்படுகிறது என்ற விவரங்கள் அந்தப் பெயருடன் வருவதே இல்லை. ஆகவே, இத்தகைய பரிந்துரைகளை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது என்று வாதிட விரும்புகிறேன்.

பலர் பாராட்டுக்கு அளவுகோலாகக் கொள்வது, பானெட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும் காட்சியைத்தான். நீர்த்துளி ஒரு பரப்பைத் தொடும் கோணம் 90 பாகைக்கு மேல் இருந்தால் அப்பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். அதற்கு மேல் அந்தக் காட்சி எதையும் சொல்வதில்லை. பூச்சு எவ்வளவு காலம் நிற்கும், பறவை எச்சத்தைத் தாங்குமா, கடின நீரின் உப்புக் கறையைத் தடுக்குமா என்பன தனிக் கேள்விகள். எளிய மெழுகுகூட முதல் நாளில் துளிகளை அழகாக உருட்டும். மறுபுறம், நல்ல நிலையில் இருக்கும் செராமிக் பூச்சின் மேல் சாலை அழுக்கும் எண்ணெய்ப் படலமும் படிந்துவிட்டால் துளிகள் தட்டையாகிவிடும். உடனே பூச்சு போய்விட்டது என்று எழுதுகிறார்கள், முறையாகக் கழுவியதும் துளிகள் திரும்பி வருகின்றன. புகழும் பழியும் ஒரே தவறான அளவுகோலிலிருந்து பிறக்கும்போது, நூறு பேர் ஒத்துப்போனாலும் அதனால் என்ன பயன்?

அடுத்தது, செராமிக் பூச்சுகளின் கடினத்தன்மையைப் பற்றிச் சொல்லப்படும் 9எச் என்ற சொல். இது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு, ஐ.எஸ்.ஓ. 15184 என்ற பன்னாட்டுத் தரநிலை அதை விவரிக்கிறது. கூர்மையின்றித் தட்டையாகத் தேய்த்த பென்சில் முனையை 45 பாகைச் சாய்வில், 750 கிராம் சுமையுடன் பூச்சின் மேல் தள்ளி, எவ்வளவு கடினமான பென்சில் வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பார்கள். கொரண்டம் 9, வைரம் 10 என்று கனிமங்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஆர்வலர்கள் இவ்விரண்டையும் குழப்பி, 9எச் பூசினால் கீறலே விழாது என்று ஒருவருக்கொருவர் உறுதியளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருவாளி எழுதியது:

நீங்கள் சொன்ன குழப்பங்கள் உண்மை, நண்பரே. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பரிந்துரையை நம்பக் கூடாது என்றால், கார் வைத்திருப்பவர் வேறு எதை நம்புவது? புட்டியின் மேல் அச்சிட்ட வாக்கியங்களையா? விற்பவருடைய விளம்பரத்தையா?

இன்று நம்மில் பெரும்பாலோர் சாதாரணமாகச் செய்யும் காரியங்களை எண்ணிப் பாருங்கள். ஷாம்பு தண்ணீருக்கு ஒரு வாளி, கையுறையை அலசுவதற்கு இன்னொரு வாளி என்று பிரித்து வைப்பது. மைக்ரோஃபைபர் துணியை மென்மையூட்டும் திரவம் கலந்து துவைத்தால் இழைகளின் மேல் படலம் படிந்து நீர் உறிஞ்சும் திறன் குறையும் என்று அறிந்து அதைத் தவிர்ப்பது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த கிளீனரைப் பயன்படுத்தாமல் இருப்பது. இவற்றை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? முன்பின் அறியாதவர்களுக்காக நேரம் ஒதுக்கி எழுதிய ஆர்வலர்கள்தாம். பிரேக் டிஸ்க்கிலிருந்து பறந்து பெயின்டில் ஒட்டும் இரும்புத் துகளைக் கரைக்க தயோகிளைகோலேட் கலந்த திரவம் உண்டு, அது இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாக மாறும், அந்த நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதையும் அவர்கள்தாம் பரப்பினார்கள்.

தனி மனிதர் ஒருவரால் பத்துக் கோட்டிங்குகளை வாங்கி, பத்துப் பேனல்களில் பூசி, ஓராண்டு காத்திருக்க முடியாது. வெப்பமான ஊரிலும் பனி பெய்யும் ஊரிலும் கடலோரத்திலும் கார் ஓட்டும் பலரின் அனுபவம் ஓரிடத்தில் சேரும்போது, எந்த ஒருவருக்கும் கிடைக்காத பார்வை கிடைக்கிறது. அதைக் குறைகள் கொண்டது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பயனற்றது என்று சொல்லாதீர்கள்.

நீலவண்ணன் எழுதியது:

நீங்கள் அடுக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றிலாவது ஒரு பிராண்டின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாளி, துணியைத் துவைக்கும் விதம், அமோனியா பற்றிய எச்சரிக்கை, இரும்பும் தயோகிளைகோலேட்டும் சேரும்போது தோன்றும் நிறம் ஆகிய அனைத்தும் முறைகள்; அவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும், கேட்பவர் அந்தக் காரணத்தைத் தாமே சரிபார்க்கவும் முடியும். மண் துகள் வாளியின் அடியில் தங்குவதை நம் கண்ணாலேயே காண்கிறோம். இந்தப் பொருளைத்தான் வாங்குங்கள் என்ற வாக்கியத்தில் சரிபார்க்கக்கூடியதாக எதுவும் இல்லை. சொன்னவர் மீதுள்ள நம்பிக்கை மட்டுமே அதைத் தாங்கி நிற்கிறது. முறைகளைக் கற்பித்துப் பெற்ற நன்மதிப்பு, காரணம் சொல்லப்படாத பொருள்களுக்கும் கடன் கொடுக்கப்படுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

பட்டறைக்காரர் எழுதியது:

பிறருடைய கார்களைப் பாலிஷ் செய்து கொடுப்பதே என் தொழில். நீங்கள் இருவரும் பரிந்துரை என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட பொருள்களை அடைத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தவறான ஷாம்புவைப் பரிந்துரைத்தால் பெரிய இழப்பு எதுவும் நேராது. தவறான வாக்ஸைப் பரிந்துரைத்தால் சில வாரங்களில் அது போய்விடும், அவ்வளவுதான். ஆனால் கீறல் நீக்கும் காம்பவுண்டின் கதை வேறு. தொழிற்சாலையில் நிறத்தின் மேல் பூசப்படும் நிறமற்ற மேலடுக்கான கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பது அந்த அடுக்கு. பாலிஷ் என்பதே அதிலிருந்து சிறிதளவைத் தேய்த்து எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முந்தைய உரிமையாளர் அதே காரை ஏற்கெனவே எத்தனை முறை தேய்த்தார் என்பது வாங்கியவருக்கே தெரியாதபோது, இந்தக் காம்பவுண்டையும் கம்பளிப் பேடையும் பயன்படுத்துங்கள், எல்லாக் கீறலும் போய்விடும் என்று எங்கோ இருந்து எழுதுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவதற்குச் சமம். தடிமன் மீட்டர் வைத்திருக்கும் நாங்களே பேனலுக்குப் பேனல் அளந்துவிட்டுத்தான் இயந்திரத்தைக் கையில் எடுக்கிறோம். அந்த மீட்டரும் பொதுவாக மொத்தப் பூச்சின் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டாது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பளபளப்புக்காகத் தடவும் சில கிளேஸ்களிலும் பாலிஷ்களிலும் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்களும் நிரப்பிகளும் இருக்கின்றன. தடவிய உடனே எடுத்த படத்தில் பேனல் கண்ணாடி போல் இருக்கும். நீரில் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மறைந்திருந்த சுழல் கீறல்கள் அப்படியே வெளியே வரும். ஆகவே பாலிஷ் ஒன்றைப் புகழ்ந்து படம் போடுபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, துடைத்த பிறகு எடுத்த படமா, துடைக்கும் முன் எடுத்ததா என்பதுதான். அதற்குப் பதில் சொல்பவரின் அடுத்த பரிந்துரையையும் நான் படிப்பேன்.

இருவாளி எழுதியது:

நீங்கள் சொல்வது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது, ஐயா. ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் ஆர்வலர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டார்கள். ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழியை ஏமாந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள்.

நீலவண்ணன் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பாராட்டைச் சந்தேகிக்க ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். எச்சரிக்கையை அப்படித் தள்ளிவிட முடியாது. வலுவான காரக் கிளீனர் அனோடைஸ் செய்த, அதாவது மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய, அலுமினியப் பட்டையை வெளிறச் செய்துவிட்டது என்று ஒருவர் படத்துடன் எழுதும்போது, அவருக்கு அதனால் கமிஷன் எதுவும் கிடைப்பதில்லை. தம் காருக்கு நேர்ந்த சேதத்தை வெளியே சொல்லும் வருத்தம்தான் மிஞ்சுகிறது. அந்த ஒரு பதிவு எத்தனையோ கார்களைக் காப்பாற்றும். பொருளின் பெயரோடு வரும் இத்தகைய தகவலையும் நம்பக் கூடாதா?

கரைப்பான் எழுதியது:

நான் வேதிப்பொருள் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பளபளப்பைப் பற்றியே பேசிக்கொண்டு, கையையும் கண்ணையும் மறந்துவிடுகிறோம்.

அலாய் வீலில் படிந்த பிரேக் தூசியை நொடியில் நீக்குகிறது என்று புகழப்படும் சில அமில வீல் கிளீனர்களில் அமோனியம் பைஃபுளோரைடு போன்ற ஃபுளோரைடு சேர்மங்கள் இருக்கும். அவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தோற்றுவிக்கக்கூடியவை. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் ஃபுளோரைடு உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்துடன் பிணைந்து கடும் பாதிப்பை ஏற்படுத்தும். வேகமாக வேலை செய்கிறது, வாங்குங்கள் என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பரிந்துரைப்பவரின் நேர்மை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மருந்து எளிதில் கிடைக்கிறது. வேதிப்பொருள்களுக்கு 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாளை உற்பத்தியாளர்கள் வெளியிடுகிறார்கள். மூன்றாம் பிரிவில் ஆபத்து விளைவிக்கும் உட்பொருள்களும், எட்டாம் பிரிவில் அணிய வேண்டிய கையுறை முதலிய பாதுகாப்பும், ஒன்பதாம் பிரிவில் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். மதிப்பு போன்ற பண்புகளும் இருக்கும். பி.ஹெச். மடக்கை அளவு என்பதால் ஓர் எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை நினைவில் கொண்டு படிக்க வேண்டும். அந்தத் தாள் பொருள் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று சொல்லாது. ஆபத்தில்லாத உட்பொருள்களைப் பட்டியலிட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. இருந்தாலும், வீல் கிளீனரைப் பரிந்துரைப்பவர்கள் மூன்றாம் பிரிவைப் படித்துவிட்டுப் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்பது அதிகமல்ல.

நீலவண்ணன் எழுதியது:

எச்சரிக்கை பற்றி இருவாளி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். பாராட்டைவிட எச்சரிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம். ஆனால் எச்சரிக்கைக்கும் நிபந்தனைகள் வேண்டும். சூடான பேனலில் தெளித்து வெயிலில் காயவிட்டால், நல்ல இரும்பு நீக்கி திரவமும் கறையை விட்டுச் செல்லலாம். குற்றம் பொருளிலா, பயன்படுத்திய விதத்திலா என்பதைப் பிரிக்காத எச்சரிக்கை, ஒரு நல்ல பொருளை ஒழித்துவிடும்.

பணத் தொடர்பைப் பற்றியும் இதுவரை யாரும் பேசவில்லை. இலவசமாக வந்த புட்டி, தள்ளுபடிக் குறியீடு, விற்பனையில் பங்கு தரும் இணைப்பு ஆகியவை பரிந்துரைக்குப் பின்னால் இருக்கலாம். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் திருத்திய வழிகாட்டுதல்கள், இத்தகைய தொடர்பைப் படிப்பவர் தவறவிட முடியாதபடி வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. 2024இல் போலி விமர்சனங்களைத் தடை செய்யும் விதியையும் அந்த அமைப்பு கொண்டு வந்தது. நுகர்வோர் விமர்சனங்களைத் திரட்டி வெளியிடுவதற்கென்று 2018இல் ஐ.எஸ்.ஓ. 20488 என்ற தரநிலையே வந்தது. கற்பனையான அச்சத்துக்காக யாரும் இவ்வளவு விதிகளை எழுத மாட்டார்கள்.

இருவாளி எழுதியது:

வெளிப்படுத்த வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. ஆனால் இலவசமாகப் பெற்றவர் சொல்வது பொய் என்றோ, காசு கொடுத்து வாங்கியவர் சொல்வது மெய் என்றோ கொள்ள முடியாது. பெரிய தொகை கொடுத்துக் கோட்டிங் வாங்கியவர் தம் முடிவு சரியென்று தமக்கே நிறுவிக்கொள்ள விரும்புவார். அந்த விருப்பத்தை எந்த விதியும் வெளிப்படுத்தச் சொல்வதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. தடிமன் மீட்டர், தரவுத் தாள், மாதக்கணக்கான சோதனை என்று நீங்கள் மூவரும் கேட்டுக்கொண்டே போனால், வார இறுதியில் தம் காரைத் தாமே கழுவும் சாதாரண மனிதர் வாயே திறக்க மாட்டார். அப்போது பேசுவதற்கு எஞ்சியிருப்பவர்கள் பேசுவதற்குக் காசு வாங்குபவர்கள்தாம். குறைபாடுள்ள நேர்மையான சொல் மறைந்த இடத்தில் குறைபாடில்லாத விளம்பரம் வந்து அமரும்.

பட்டறைக்காரர் எழுதியது:

சாதாரண மனிதர் மீட்டர் வாங்க வேண்டியதில்லை. பானெட்டின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் பொருளைப் பூசி, இரு பாதிகளையும் ஒரே ஷாம்புவால் ஒரே நாளில் கழுவி வந்தால் போதும். பூசாத பாதி பக்கத்திலேயே இருப்பதால் நினைவை நம்ப வேண்டியதில்லை. இதற்கு ஒரு டேப் சுருளும் பொறுமையும்தான் செலவு.

நீலவண்ணன் எழுதியது:

அப்படிச் செய்து எழுதப்படும் பரிந்துரையை, எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் நான் ஏற்பேன். இருவாளியின் கவலைக்கு என் பதில் இதுதான்: வாய் திறக்காதீர்கள் என்று நான் யாரையும் சொல்லவில்லை. பொருளின் பெயருடன் பெயின்டின் வயது, தண்ணீரின் தன்மை, பூசி எவ்வளவு காலமாயிற்று, பொருள் எப்படிக் கைக்கு வந்தது ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்து எழுதட்டும். அந்த வரி இல்லாத பெயரை நான் தொடர்ந்து தள்ளியே வைப்பேன்.

இருவாளி எழுதியது:

நான் தள்ளி வைக்க மாட்டேன். அந்த வரியைக் கேட்டு எழுதுவேன். கேட்டால் பெரும்பாலோர் சொல்கிறார்கள். என் அடுத்த பதிவில் நான் இப்போது பயன்படுத்தும் சீலன்ட் எனும் பாதுகாப்புப் பூச்சைப் பற்றி, நீங்கள் கேட்ட நான்கு விவரங்களோடும் பூசாத பாதியின் படத்தோடும் எழுதுகிறேன். அதிலுள்ள ஓட்டைகளை நீங்கள் மூவரும் சுட்டிக் காட்டுங்கள்.