பழுப்பு ஏரிப் பாசியை எண்ணுவது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சுவீடனில் காட்டுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஏரியில் மிதவை உயிரிகளை எண்ணி வருகிறேன். தண்ணீர் கடுங்காப்பி நிறம். சுற்றியுள்ள மண்ணிலிருந்து கரைந்து வரும் கரிமக் கார்பன்தான் காரணம். அது கொஞ்சமாக இருந்தால் கூடவே வரும் பாஸ்பரஸ் பாசிக்கு உரம். மிஞ்சினால் வெளிச்சமே உள்ளே இறங்காது. அப்போது நீந்தத் தெரிந்த கோனியோஸ்டோமம் என்ற ஒரு செல் பாசியின் கை ஓங்கிவிடுகிறது: பகலில் மேலே வெளிச்சத்துக்கு, இரவில் கீழே சத்துக்கு. உருவமும் பெரிது, சின்ன டாப்னியாக்களால் (பாசி தின்னும் நீர்த்தெள்ளுகள்) விழுங்க முடியாது.

என் சிக்கல், மாதிரி கெடாமல் இருக்க லுகால் கரைசல் (அயோடின் கரைசல்) விட்டதும் இதன் செல்கள் வெடித்துச் சிதறுகின்றன. மூன்று வார எண்ணிக்கை நம்பும்படி இல்லை. உயிரோடு எண்ணுவதுதான் வழியா? ஆய்வகத்துக்கு நான்கு மணி நேரப் பயணம். இருட்டான குளிர்பெட்டியில் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதிரி வரும் திங்கட்கிழமை எடுக்க வேண்டும்.