கண் மூடாமல் நின்றவன்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வெள்ளவத்தை வாலிப ஊழியன்:

முன்கதை வேண்டாம். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று தெரியும். கிற்றார் கம்பி அறுந்திருக்கும். ஸ்பீக்கரை யாரோ பிறந்தநாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். முப்பது றோல்ஸ் வாங்கினால் பதினெட்டுப் பேர் வருவார்கள், பதினைந்துதான் வாங்கினால் நாற்பது பேர். அன்றும் அப்படித்தான். எல்லோரும் போனபிறகு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், வாசலில் அவன் நிற்கிறான்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்துப் பல்கலைக்கழகம் கிடைக்காமல், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. கையில் ஹெல்மெட், ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் கதைக்கலாமா?"

உட்கார்ந்தான். வீட்டில் கொஞ்சம் பிரச்சினை என்றான். அப்பாவைப் பற்றி ஏதோ தொடங்கினான். போன் அடித்தது. ஓடர் வந்திருக்கிறது. போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு எட்டரைக்குக் கல்கிசையில் ஒரு வீட்டு ஜெபம். "சரி தம்பி, ஜெபித்துவிட்டுப் போ" என்றேன்.

தோளில் கை வைத்து ஜெபித்தேன். நல்ல ஜெபம்தான். குடும்பம், சமாதானம், எதிர்காலம் எல்லாம் வந்தது. நடுவில் ஏனோ ஒரு கணம் கண்ணைத் திறந்தேன். அவன் கண் மூடவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப் பார்வை இல்லை. கைகாட்டியும் நிற்காமல் போகிற 100 ஆம் இலக்க பஸ்ஸை ஹோல்ட்டில் நிற்கிறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் ஆமென் சொல்ல அவனும் சொன்னான். "தாங்ஸ் அண்ணா" என்று போய்விட்டான்.

இது 2023 இல். இப்போது அவன் கட்டாரில். நான் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் போடும் வசனத்துக்குத் தவறாமல் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புகிறான். ஒரு நாள்கூட விட்டதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்களிடமும் ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நான் கத்தோலிக்கன், போதகரும் இல்லை. பங்கில் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதலாம்தானே?

2019 ஏப்ரல் 21, கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு கோயில்கள் திரும்பத் திறந்தபோது வாசலில் பைகளைச் சோதிக்கிற வேலை எங்களுக்கு, இளைஞர்களுக்கு, வந்தது. ஒரு பக்கம் துப்பாக்கியோடு நேவிக்காரர், மறுபக்கம் நான்.

கிராண்ட்பாஸில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பன். சின்ன வயதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவான். செவ்வாயில் அங்கே யார்தான் வருவதில்லை, பொட்டு வைத்தவர்களும் வருவார்கள், வெள்ளைச் சேலை கட்டி விகாரைக்குப் போகிறவர்களும் வருவார்கள். அவன் வருவது கடலைக்கு. நான் உள்ளே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும்வரை வெளியே நின்று என்னுடைய பங்கையும் சாப்பிட்டுவிடுவான்.

அப்படிப் பை சோதித்த ஒரு ஞாயிறு எங்கள் கோயிலுக்கு எதிரே, வீதியின் அந்தப் பக்கம் நின்றான். கையைத் தூக்கினான். என் கையில் ஒரு அன்ரியின் பை. நான் கையைத் தூக்கவில்லை. குனிந்து பைக்குள் பார்த்தேன். குடை, பாட்டுப் புத்தகம், ஒரு மாலுபாண் (மீன் பணிஸ்). சோதிக்க வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்த மாலுபாணைக் குண்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டே நின்றேன், நிமிர்ந்தால் அவனைப் பார்க்கவேண்டி வருமே என்று. நிமிர்ந்தபோது அவன் இல்லை.

இப்போதும் நண்பர்கள்தான். அவனுடைய கலியாணத்தில் ஒரே சகனில், பலர் சேர்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில், இருந்து சாப்பிட்டேன். அந்த ஞாயிற்றைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தெகிவளை ரீச்சர்:

முதலாவதாக எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. ஜெபித்தது பிழை என்றா சொல்ல வருகிறீர்கள்? இப்போது இது ஒரு ஃபேஷன். ஜெபிக்காதே, கேள், கேட்டுக்கொண்டே இரு. ஊழியக்காரன் ஜெபிக்காமல் வேறு யார் ஜெபிப்பது? ஐந்து நிமிடம் கேட்டது அவன். ஓடர் வந்ததும் அவனுக்கு. உங்களை நீங்களே இவ்வளவு அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

என்னுடையது சின்ன விஷயம். ஞாயிறு காலையில் ரியூஷன் வைக்கிறார்களே, அதோடு போராடி ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவர்களுக்கு விளங்கும். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கவிருந்த ஒரு பிள்ளை. ஆறரைக்கு விஞ்ஞான வகுப்புக்குப் போய்விட்டு, வேதாகமத்துக்குள் பாஸ்ட் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, நேரே வகுப்புக்கு வருவாள். அன்று நான் அப்போஸ்தலர் 20 எடுத்தேன். பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ண, ஜன்னலில் இருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே, அந்தக் கதை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள் கதிரையில் தூங்கிவிட்டாள். "ஆ, நமக்கும் ஒரு ஐத்திகு இருக்கிறாள்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் எழும்பி, என்னவென்று விளங்காமலே சிரித்தாள். கன்னத்தில் கதிரைப் பிரம்பின் அச்சு. அந்த அச்சு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாட்ஸ்அப் குரூப்பிலும் ஐத்திகு, கேக் வெட்டும்போதும் ஐத்திகு. ஒன்றரை மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். அம்மாவைக் கேட்டால் படிப்பு என்றார். பவுல் இறங்கிப் போய் அந்தப் பையனை அணைத்துக்கொண்டார். அடுத்த வசனமே அதுதான். அதை அன்று நான் வாசித்தும் காட்டினேன்.

ஓய்வு பெற்ற போதகர்:

பிள்ளைகளே, எல்லாம் வாசித்தேன். 1983 ஆடிக் கலவரத்தின்போது நான் இளம் ஊழியன். இரத்மலானையில் அகதிகள் இருந்த இடத்தில் உதவிக்குப் போனபோது ஆறேழு வயதுப் பையன் ஒருவன் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு "எப்ப வீட்டை போறது?" என்று கேட்டான். "கர்த்தர் வழி காட்டுவார்" என்றேன். "இண்டைக்கா?" என்றான். அவ்வளவுதான்.

இனி, தம்பிக்குச் சில விஷயங்கள். இருட்டின பிறகு மண்டபத்தில் ஒரு வாலிபனோடு தனியாக இருந்து கதைக்கவேண்டாம். கதவு திறந்திருக்க வேண்டும், யாராவது ஒருவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் கட்டாயம். இது உங்களுக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு. வாலிபர் கூட்டம் உள்ள மாலையில் வீட்டு ஜெபம் வைக்கவே கூடாது, யார் அழைத்தாலும் சரி. நான் முப்பது வருடம் அதைக் காப்பாற்றினேன், கோபித்தவர்களும் இருந்தார்கள். பிறகு, இப்படிக் குறையில் போகிற பிள்ளையைத் திங்கட்கிழமையே போய்ப் பார்க்கவேண்டும். போன் எடுப்பது சந்திப்பு ஆகாது. பஸ்ஸில் போங்கள், வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

ஒரு கொப்பி வையுங்கள். யார் வந்தான், எந்த இடத்தில் நிறுத்தினான் என்று இரவே எழுதிவிட வேண்டும். என்னிடம் அப்படிப் பதினொரு கொப்பி இருந்தது, வெள்ளத்தில் நாலு போனது.

அடி, உதை, வேறு விதமான தொந்தரவு என்று ஒரு சிறுபிள்ளை சொன்னால் ஜெபித்துவிட்டு இரகசியமாக வைத்திருக்கக் கூடாது. 1929 க்கு அழைக்கவேண்டும், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். மனம் உடைந்து உயிரை விடுகிற பேச்சு வந்தால் 1926, அது மனநல உதவி இலக்கம். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கிற சுமித்ராயோ என்ற அமைப்பும் 1974 இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது, அங்கே மதம் கேட்கமாட்டார்கள். இதையெல்லாம் வேதப்பள்ளியில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

காசு கடன் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் திரும்பக் கேட்கவேண்டாம். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு பேசாமல் இருந்தார்கள் என்று 2:13 இல் இருக்கிறது. அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அந்தக் காலை வசனத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்கள். கிற்றார் கம்பி எப்போதும் ஒரு செட் மேலதிகமாக வாங்கி வையுங்கள்.

பின்வரிசைப் பிள்ளை:

ஐயா, கோபிக்கவேண்டாம். உங்கள் கதை நாலு வரி, புத்திமதி நாற்பது வரி. அந்தப் பையன் "இண்டைக்கா" என்று கேட்டபிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்கு அதுதான் வேண்டும்.

நான் ஊழியக்காரி இல்லை. மற்றப் பக்கத்தில் இருந்தவள். பத்தொன்பது வயதில் ஒரு விஷயத்தைச் சுமந்துகொண்டு எங்கள் வாலிபர் அண்ணாவிடம் போனேன். அவர் நீங்கள் எல்லோரும் இங்கே புகழ்கிற மாதிரியான ஆள். ஜெபிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், கடல் தெரிகிற இடத்தில், ஆளுக்கொரு பிளேன்ரீயோடு உட்கார்ந்து "நேரம் இருக்கு, ஆறுதலாச் சொல்லுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தார்.

மூன்று ரயில் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் அவ்வளவு கவனமாகக் கேட்கத் தயாராக இருந்ததே பயமாக இருந்தது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றால் தெரிந்த விடையும் மறந்துபோகுமே, அப்படி. ரீ ஆறிப்போனது. "ஒண்டுமில்ல அண்ணா, சும்மாதான்" என்று வந்துவிட்டேன். அவருக்கும் இன்றுவரை உறுத்துமோ என்னவோ. கடைசியில் நான் அதைச் சொன்னது தோழியின் அம்மாவிடம். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஒரு தரம்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரை முடிய என் கதையும் முடிந்தது.

அதனால் வெள்ளவத்தை அண்ணா, நீங்கள் அன்று வீட்டு ஜெபத்துக்குப் போகாமல் இருந்திருந்தாலும் அவன் சொல்லியிருப்பான் என்று நினைக்கவேண்டாம்.

மட்டக்குளி:

தங்கச்சி சொல்வது உண்மை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினார்களே, அந்தக் கிழமைகளில் ஒரு கூட்டம். பெற்றோல் இல்லை, பாதிப் பேர் நடந்து வந்தார்கள். காஸ் இல்லாததால் ரீயும் இல்லை. பாட்டு நடுவில் லைட் போய்விட்டது. போன் வெளிச்சத்தை எல்லோரும் மிச்சம் பிடிக்கிற காலம், அதனால் இருட்டிலேயே இருந்தோம். நான் சும்மா "யாராவது ஏதாவது சொல்லுங்கள்" என்றேன்.

ஒரு குரல் தொடங்கியது. யார் என்று எனக்கு விளங்க அரை நிமிடம் ஆனது, ஏனென்றால் அவன் கூட்டத்தில் வாயே திறக்காத பெடியன். தமிழும் சிங்களமும் கலந்து சொன்னான். அவன் அம்மா இரவுச் சாப்பாட்டை "பசியில்லை" என்று விடுவதாகவும், பசி இல்லாதவர் எதற்குச் சட்டியை வழித்து நக்குகிறார் என்று தான் ஒருநாள் குசினியில் பார்த்ததாகவும் சொன்னான். "நான் அதப் பாத்திட்டு..." என்றான்.

லைட் வந்துவிட்டது. தெரியும்தானே, வந்ததும் கொழும்பு முழுக்க "ஹேய்" என்று ஒரு சத்தம் போகும். எங்கள் பிள்ளைகளும் பழக்கத்தில் கத்திவிட்டார்கள். அவன் நடுவில், வாய் திறந்தபடி. எல்லோர் முகமும் அவன் பக்கம். வாயை மூடிக்கொண்டான்.

அந்த வசனம் இன்னும் முடியவில்லை. அதப் பாத்திட்டு, என்ன? நான் எழுந்து போய் அந்த ஸ்விட்சை நிறுத்தியிருக்கவேண்டும். கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது.

தெகிவளை ரீச்சர்:

அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏதாவது கொடுத்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லாமல் ஸ்விட்சைப் பற்றி எழுதுகிறீர்கள்.

மட்டக்குளி:

கொடுத்தோம் அக்கா. அடுத்த நாளே. அரிசி, பருப்பு, ரின்மீன். அம்மா வாங்கிக்கொண்டார். அவனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதைத்தான் எழுதாமல் விட்டேன்.

ஓய்வு பெற்ற போதகர்:

பின்வரிசையில் இருக்கும் மகளுக்கு. "இண்டைக்கா" என்றதும் நான் அவன் கையை அங்கியிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனேன். பருப்புப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

வெள்ளவத்தை வாலிப ஊழியன்:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் அக்கா, ஜெபம் பிழை என்று நான் சொல்லவில்லை. அன்று அதை நான் கதவு மாதிரிப் பாவித்தேன், அதுதான். ஐயா, கம்பி வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு அவனுக்கு எழுதினேன். வசனம் இல்லாமல். "தம்பி, அன்று மழையில் வந்தாயே, அப்பாவைப் பற்றி என்னவோ சொல்ல வந்தாய். நான் இடையில் ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். என்ன அது?"

நீல நிறத்தில் சரி அடையாளம் வந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு பதில் வந்தது.

"எண்டைக்கு அண்ணா? ஞாபகம் இல்ல. டியூட்டிக்கு நேரமாச்சு, ஜெபிச்சுக்கொள்ளுங்கோ."