சம்பளம் போட்டாச்சு என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏறவில்லை

பனியன்_ஊர்க்காரன்:
திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து இது முதல் சம்பளம். சனிக்கிழமை காலை போட்டுவிட்டதாக அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள். கம்பெனியின் வங்கியிலேயே கணக்கு உள்ளவர்களுக்கு உடனே மெசேஜ் வந்தது. வேறு வங்கிக்காரர்களுக்கு மதியத்துக்குள் ஏறிவிட்டது. எனக்கு ஞாயிறு இரவு வரை இல்லை. 10ஆம் தேதி பைக் இஎம்ஐ வேறு பிடிப்பார்கள். காத்திருக்கலாமா?

சேலத்து_ராசா:
ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் சனி, ஞாயிறு போகாது நண்பா. திங்கட்கிழமை வங்கி திறக்கட்டும், வந்துவிடும்.

மில்_கணக்கர்:
அது பழைய கதைங்க. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் ராத்திரி பகல், ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் ஓடுகிறது. சேர்ந்த பணத்தையெல்லாம் அரை மணிக்கு ஒரு தொகுதியாக அனுப்புவார்கள், ஒரு நாளைக்கு 48 தொகுதி. தொகுதி முடிந்த 2 மணி நேரத்துக்குள் உங்கள் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். சனி காலை கிளம்பிய பணம் ஞாயிறு இரவு வரை நடுவழியில் நிற்காது. ஒன்று, திரும்பிப் போயிருக்கும். இல்லை, கிளம்பவே இல்லை.

தம்பி, நான் மாசாமாசம் சம்பள ஃபைல் ஏற்றுகிற ஆள். எக்செல்லில் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் அடையாளக் கோடு), தொகை. நான் ஏற்றியதும் முதலாளி தன் லாகினில் ஓகே கொடுக்க வேண்டும். (அவர் பழனிக்குப் போயிருந்தால் மில்லே காத்திருக்கும், ரிசர்வ் வங்கியால்கூட ஒன்றும் செய்ய முடியாது.) அதே வங்கி என்றால் ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் சேர்ப்பதோடு வேலை முடிந்தது, அதனால் உடனே ஏறும். மற்றவை நெஃப்ட்டில் போகும்.

ஃபைலில் பெயர் இருந்தாலும் பணம் ஏறுவது கணக்கு எண்ணை வைத்துத்தான். ஐஎஃப்எஸ்சி 11 இடம், ஐந்தாவது எப்போதும் சைபர். அங்கே ‘ஓ’ அடித்து வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோடு செல்லாது என்றால் அந்த ஒரு வரி மட்டும் ரிஜெக்ட் ஆகும், மற்றதெல்லாம் போய்விடும். ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்காதவருக்கு எல்லாம் போன மாதிரிதான் தெரியும்.

அதனால் "போட்டீங்களா" என்று கேட்காதீர்கள், "யுடிஆர் நம்பர் கொடுங்க" என்று கேளுங்கள். அனுப்பிய ஒவ்வொரு பணத்துக்கும் இருக்கும் தனி அடையாள எண் அது. அது இருந்தால் உங்கள் வங்கியில் காட்டித் தேடச் சொல்லலாம். சரி, நீங்கள் கொடுத்த பாஸ்புக் எந்த வருஷத்தது?

பனியன்_ஊர்க்காரன்:
2017, காலேஜில் எடுத்தது. அப்புறம் அந்த வங்கி வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கணக்கு எண் மாறவில்லை அண்ணா.

மில்_கணக்கர்:
எண் மாறாவிட்டாலும் கோடு மாறியிருக்கும். 2020 ஏப்ரல் 1இல் சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. சிண்டிகேட்டின் பழைய கோடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. மற்றவற்றுக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றாக மாறியது. உங்கள் வங்கியின் மொபைல் ஆப்பில் இப்போதைய கோடு இருக்கும், அதை எழுதிக் கொடுங்கள்.

கோவை_அக்கா:
தம்பி, இஎம்ஐயை மறந்துவிடாதே. அதைப் பிடிக்கும் ‘நாச்’ முறையும் 2021 ஆகஸ்ட் 1இலிருந்து ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் ஓடுகிறது. 9ஆம் தேதி இரவே பணம் இருக்க வேண்டும். பவுன்ஸ் ஆனால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் அபராதம் போடுவார்கள். உன் சம்பளத்தை மட்டும் ஐஎம்பிஎஸ்ஸில் போடச் சொல். 5 லட்சம் வரை போகும், தொகுதி கிகுதி கிடையாது, நொடிகளில் ஏறும்.

பனியன்_ஊர்க்காரன்:
யுடிஆர் கேட்டதும்தான் ரிப்போர்ட்டைத் திறந்தார்கள். என் வரி ரிஜெக்ட். அதே பட்டியலில் இன்னும் இரண்டு பேர், அவர்களிடமும் பழைய பாஸ்புக்தான். புதுக் கோடு கொடுத்துவிட்டேன். மதியம் ஐஎம்பிஎஸ்ஸில் போடுகிறார்களாம். நன்றி அண்ணா, அக்கா.