‘ஸ்பைக்’ எல்லாமே ‘கூர்முனை’தானா? விலைப்பட்டியலுக்குத் தமிழ்ச் சொல்லும் குறிப்பும் தேவை

பட்டியல்காரன்:
வணக்கம். நாற்றுப்பண்ணையும் இரும்புச் சாமானும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைக்கான விலைப்பட்டியல் இது. ‘ஸ்பைக்’ என்று எட்டு இடத்தில் வருகிறது: கிளாடியோலஸ் ஸ்பைக், சம்பங்கி ஸ்பைக், மிளகுக் கொடி விவரத்தில் ‘ஸ்பைக் நீளம்’, கேட் ஸ்பைக், தோட்ட விளக்கின் அடியில் வரும் கார்டன் ஸ்பைக், புறா உட்காராமலிருக்க வைக்கும் பேர்டு ஸ்பைக், ஓட்டப் பந்தய ஷூவுக்கான ஸ்பைக், கடைசியாக, திடீரென எகிறும் வோல்ட்டிலிருந்து மின் சாதனங்களைக் காக்கும் ஸ்பைக் கார்டு. மொழிபெயர்ப்புச் செயலி எட்டுக்கும் ‘கூர்முனை’ என்றே போட்டிருக்கிறது. ‘கிளாடியோலஸ் கூர்முனை, கட்டு 10’ என்று போட்டால் ஆணி என்று நினைத்துக் கேட்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் புழக்கத்தில் இருக்கும் சொல் வேண்டும். கூடவே இரண்டு சந்தேகங்கள். கேட் ஸ்பைக் வெல்டிங் வைத்த இடத்தில் ஒடிகிறது என்றும், கிளாடியோலஸ் நுனி வளைந்து போகிறது என்றும் திரும்பி வருகின்றன. காரணம் தெரிந்தால் பொருளின் கீழேயே இரண்டு வரி எழுதிவிடலாம்.

சொல்லேர்:
ஒரே சொல்லைத் தேடுவதுதான் தப்பு. ஆங்கிலத்திலேயே அது ஒரு சொல் இல்லை, இரண்டு. பெரிய ஆணி என்ற ஸ்பைக் ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. பூ, தானியம் சார்ந்த ஸ்பைக் லத்தீன் ‘ஸ்பீகா’விலிருந்து வந்தது, அதற்குப் பொருள் தானியக் கதிர். கன்னி ராசியில் நாம் சித்திரை என்று சொல்லும் நட்சத்திரத்துக்கு மேற்கத்தியப் பெயர் ஸ்பைகா. கன்னியின் கையிலிருக்கும் கோதுமைக் கதிர் அது.

தமிழில் ‘கதிர்’ பூவிலிருந்து இரும்பு வரை தானாகவே போய்வந்த சொல். நெற்கதிரும் கதிர், சூரியக் கதிரும் கதிர், ராட்டையில் நூல் சுற்றும் இரும்பு ஊசியும் கதிர். நூற்பாலையில் ‘இத்தனை ஆயிரம் கதிர்கள்’ என்று கணக்குச் சொல்வது இதைத்தான். ஆனால் அதற்காக உங்கள் பட்டியலில் எல்லா இடத்திலும் கதிர் என்று போட்டுவிடாதீர்கள். தாவரவியல் பாடத்தில் ஸ்பைக் மஞ்சரி என்றால் கதிர். பூச்சந்தையில் கதிர் என்று கேட்டால் சோளக் கடைக்குக் கை காட்டுவார்கள்.

நான் போடுவது: கிளாடியோலஸ், சம்பங்கிக்கு ‘பூத்தண்டு’. மிளகுக்கு ‘சரம்’. கேட்டுக்கு ‘வேல்’ அல்லது ‘ஈட்டிமுனை’. தோட்ட விளக்கின் அடிக்கு ‘முளை’. மாடு கட்ட அடிக்கிறோமே, அதே முளை. விதை முளைப்பதற்கும் அதே சொல்தான் என்பதால் நாற்றுப்பண்ணைப் பட்டியலில் ‘தரையில் குத்தும் முளை’ என்று முழுசாக எழுதுங்கள். பறவைக்கு ‘பறவைத் தடுப்பு முள்’. ஷூவுக்கு ‘ஸ்பைக் ஆணி’. ஸ்பைக் கார்டை அப்படியே விட்டுவிடுங்கள். கடையில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், மாற்றினால் யாருக்கும் புரியாது.

கொல்லைப்புறம்:
சொல்லேர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நெற்கதிரை நாம் கதிர் என்றாலும் தாவரவியலில் அது ஸ்பைக் இல்லை. கிளைத்த பூங்கொத்து, அதன் கிளைகளில் சிறுகதிர்கள். ஒரே தண்டில் காம்பில்லாத பூக்கள் நேரடியாக ஒட்டியிருந்தால்தான் ஸ்பைக். வேலியோரத்து நாயுருவியைப் பாருங்கள், அச்சு அசலான ஸ்பைக். கீழே காய்கள் தண்டோடு தலைகீழாகப் படிந்து வேட்டியில் ஒட்டக் காத்திருக்கும், நுனியில் இன்னும் மொட்டு இருக்கும். கீழிருந்து மேலாகப் பூப்பதுதான் இதன் இலக்கணம்.

கிளாடியோலஸுக்கும் அந்தக் கீழிருந்து மேல் கணக்குதான். அடியில் ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டும்போது வெட்ட வேண்டும். முழுசாகப் பூத்த பிறகு வெட்டினால் வண்டியில் உரசியே வீணாகும். பச்சையாக வெட்டினால் மேல் மொட்டுகள் திறக்காது. செடியில் குறைந்தது 4 இலையாவது விட்டு வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பருக்காது, அடுத்த பட்டத்துக்கு விதைக்கிழங்கு கிடைக்காது.

நுனி வளைவது நோய் இல்லை. தண்டைப் படுக்க வைத்தால் அது புவியீர்ப்புக்கு எதிராக நிமிரப் பார்க்கும். வளரும் நுனிதானே நிமிரும், அடி முற்றிப்போயிருக்கும். ஓரிரவு பெட்டியில் படுத்துக் கிடந்தாலே கொக்கி போல ஆகிவிடும், பிறகு நேராக்க முடியாது. வாளியில் நிற்க வைத்தே சேமிக்க வேண்டும், நிற்க வைத்தே அனுப்ப வேண்டும். பூ அலங்காரம் செய்பவர்கள் உச்சியில் திறக்கப்போகாத ஓரிரண்டு மொட்டைக் கிள்ளிவிடுவதும் இதற்காகத்தான். இன்னொன்று: கிளாடியோலஸுக்கு ஃபுளோரைடு ஆகாது. ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரில் வைத்தால் இதழோரம் தீய்ந்த மாதிரி ஆகும், இலை நுனி காயும். ‘பூ பழசு’ என்று திருப்பிக் கொடுக்கிறவர்களிடம் எந்தத் தண்ணீர் என்று முதலில் கேளுங்கள்.

சம்பங்கியில் உதிரிப்பூ விற்பதா, தண்டு விற்பதா என்பதை ரகமே தீர்மானிக்கும். ஓரடுக்கு ரகமான பிரஜ்வல் உதிரிக்கும் தண்டுக்கும் ஆகும். சுவாசினி, வைபவ் போன்ற அடுக்கு ரகங்கள் தண்டாக விற்கத்தான். உதிரிக்கு விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பது. தண்டுக்கு அடியில் ஒன்றிரண்டு பூ விரிந்ததும் வெட்டுவது. பட்டியலில் ரகத்தின் பெயர் இல்லாமல் ‘சம்பங்கிக் கிழங்கு’ என்று மட்டும் போட்டால் சண்டைதான் வரும்.

மிளகில் ‘சர நீளம்’ மட்டும் போட்டு ஏமாற்றாதீர்கள். நீளமான சரத்தில் பாதி காய் பிடிக்காமல் போனால் என்ன பயன்? மழை தொடங்கும்போது சரம் விடும். அப்போது மழையில் இடைவெளி விழுந்தாலோ, நிழல் அதிகமானாலோ சரம் முழுசாகவே கொட்டும். அறுவடைக்கு அடையாளம், சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவப்பாக மாறுவது.

பட்டியல்காரன்:
மிக்க நன்றி ஐயா. படுக்க வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள், உடனே சொல்லிவிடுகிறேன். கேட் வேல் பற்றி யாராவது?

உலைக்களம்:
ஒடிகிறது என்றால் பெரும்பாலும் வார்ப்பு வேலாக இருக்கும். பட்டியலில் ‘காஸ்டிங்’ என்று இருக்கிறதா பாருங்கள். வார்ப்பிரும்பில் கரி 2 சதவீதத்துக்கு மேல். மைல்டு ஸ்டீல் கம்பியில் கால் சதவீதம்கூட இருக்காது. இரண்டையும் சாதாரண 6013 ராடு போட்டு ஒட்டினால், வெல்டை ஒட்டிய வார்ப்புப் பகுதி சட்டென்று ஆறிக் கண்ணாடி போல இறுகிவிடும். ஆறும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் விரிசல் விட்டாயிற்று. சத்தம் கேட்காமலும் விடும். பெயின்ட் அடித்தபின் தெரியாது. யாராவது கேட்டைத் தள்ளிச் சாத்தும்போது வேல் கையோடு வரும்.

எது வார்ப்பு என்று கண்டுபிடிக்க கிரைண்டரில் மெல்ல ஒரு தொடு தொட்டால் போதும். மைல்டு ஸ்டீலில் பொறி வெளிச்சமாக நீளமாகப் பறக்கும். வார்ப்பில் மங்கிய சிவப்பாக, குட்டையாக, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே அணையும்.

வார்ப்பாக இருந்தால் வெல்டிங் வேண்டாம். அடியில் குழி உள்ள வேலாக வாங்கி, கம்பியின் தலையில் மாட்டி, பக்கவாட்டில் துளை போட்டு ‘பின்’ என்ற சிறு ஆணியை அடித்துவிடலாம். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் நிக்கல் ராடு இருக்கிறது. அதன் விலைக்கு, அடித்துச் செய்த வேலோ தகட்டில் அச்சடித்த வேலோ வாங்கினால் காலத்துக்கும் பிரச்சினை இல்லை. பட்டியலில் ‘வார்ப்பு / மைல்டு ஸ்டீல்’ என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். திரும்பி வருவது பாதி குறையும்.

பட்டறையில் செய்து கொடுப்பதாக இருந்தால் கணக்கு இது. 12 மி.மீ. சதுரக் கம்பியில் 75 மி.மீ. நீளக் கூர் எடுக்க 25 மி.மீ. கம்பிதான் செலவாகும். கூர்நுனியின் கன அளவு அதே நீளக் கம்பியில் மூன்றில் ஒன்று, மிச்சம் நீளமாக இழுபடும். கம்பியை வெட்டும்போதே இதைக் கழித்துக்கொள்ளாவிட்டால் வரிசையில் ஒரு வேல் உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்கும். கம்பி நல்ல ஆரஞ்சு மஞ்சளாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் அடி நுனியிலேயே விழ வேண்டும். உள்ளே தள்ளி அடிக்க ஆரம்பித்தால் மேல்தோல் மட்டும் நீண்டு, நுனி மீன் வாய் மாதிரி பிளந்து நிற்கும். அந்தப் பிளவை மேலும் அடித்து மூடினால் உள்ளே மடிப்பாகவே இருந்து பிறகு உதிரும், வெட்டி எறிவதுதான் வழி. முதலில் நாலு முகமாகவே இழுத்து முடிக்க வேண்டும். உருண்டை வேண்டுமென்றால் பிறகு மூலைகளை அடித்து எட்டு முகம், அதற்குப் பின் உருட்டு. நேராக உருட்டியே இழுத்தால் நடுவில் வெடிக்கும். கம்பி சிவப்பு மங்கியதும் மறுபடி உலைக்குள் போக வேண்டும். வெள்ளைப் பொறி தெறித்தால் கம்பி எரிந்துவிட்டது, அந்தத் துண்டு உதவாது.

வைக்கும் முறையும் முக்கியம். கம்பிக்குக் கம்பி இடைவெளி 100 மி.மீ.க்குள் இருக்கட்டும், குழந்தையின் தலை நுழையக் கூடாது. இடுப்பு உயரக் கேட்டில் கூர் வேல் வைக்கவே வேண்டாம். ஏறி விளையாடும் பிள்ளை வழுக்கினால் குத்துவது வயிற்றில்தான். அங்கே உருண்டைக் குமிழ் போதும். குழாயின் மேல் வேல் வைத்தால் சுற்றிலும் அடைத்து வெல்டு செய்ய வேண்டும். நாலு இடத்தில் மட்டும் டேக் (பொட்டு வெல்டு) அடித்து விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய் அடியிலிருந்து துருப்பிடித்து வரும். பிரைமருக்கு முன் வெல்டு மேல் இருக்கும் கசடைத் தட்டி எடுக்காவிட்டால் அது பெயின்டோடு சேர்ந்து உரிந்து, முதல் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

வேல் எங்கே, எந்த உயரத்தில் என்பதற்கு ஒரு கோட்டைக் கதவையே உதாரணம் சொல்லலாம். புனே சனிவார் வாடாவின் தில்லி வாசலில் ஒவ்வொரு கதவிலும் 72 முள், ஒவ்வொன்றும் ஓரடி நீளம். வைத்திருப்பது கதவை முட்ட வரும் யானையின் நெற்றி உயரத்தில். கண்ட இடத்தில் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

கரண்ட்_கம்பி:
அண்ணன் வெல்டிங்கை முடித்துவிட்டார், நான் ஸ்பைக் கார்டுக்கு வருகிறேன். இதன் கீழே கட்டாயம் ஒரு வரி போடுங்கள்: ‘நாலு சாக்கெட் உள்ள எல்லாம் ஸ்பைக் கார்டு இல்லை.’ உள்ளே எம்ஓவி என்ற வட்டத் தகடு இருக்க வேண்டும். வழக்கமான 230 வோல்ட்டில் அது சும்மா இருக்கும், வரம்பு மீறினால் ஸ்பைக்கைத் தன் வழியாகக் கடத்திவிடும். பல மலிவுப் பெட்டிகளில் சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான் இருக்கின்றன. பெட்டியில் ஜூல் அளவு (எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பது) போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அதன் ரிலே மாற மில்லி விநாடிகள் பிடிக்கும், ஸ்பைக் மைக்ரோ விநாடிகளில் வந்து போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் எம்ஓவி பாதி வேலைதான் செய்யும். ஒவ்வொரு ஸ்பைக்கும் எம்ஓவியைக் கொஞ்சம் தின்னும், ஆகவே ‘புரொடெக்டட்’ விளக்கு அணைந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். நியூட்ரல் அறுந்து நீண்ட நேரம் அதிக வோல்ட் வந்தால் இது காப்பாற்றாது, எம்ஓவியே சூடேறிக் கருகும். அதற்கு வோல்ட் கூடினால் துண்டிக்கும் கருவி தனியாக வேண்டும். மெயின் போர்டில் எஸ்பிடி (வீடு முழுவதற்குமான ஸ்பைக் தடுப்பு) வைப்பவர்கள் இணைப்பு வயரை 50 செ.மீ.க்குள் வையுங்கள். வயர் நீள நீள, தடுக்க வேண்டிய வோல்ட்டில் ஒரு பங்கு வயரிலேயே நின்று, காக்க வேண்டிய சாதனத்துக்குப் போய்விடும்.

ஷூ ஆணிக்கு: உலகத் தடகள விதிப்படி ஒரு காலுக்கு 11 ஆணிக்கு மேல் கூடாது. சிந்தெடிக் டிராக்கில் 9 மி.மீ. வரை, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12 மி.மீ. வரை. மைதானக்காரர்கள் அதைவிடக் குட்டையாகக் கேட்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:
பறவைத் தடுப்பு முள் விட்டுப்போயிற்று. ஒட்டும் முன் எச்சத்தைச் சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். தூசி மேல் சிலிக்கான் போட்டால் முதல் மழையிலேயே வரிசையாகப் பெயர்ந்து வரும். விளிம்பில் 3 செ.மீ.க்கு மேல் வெறும் இடம் விட்டால் புறா அங்கேயே உட்காரும். பிளாஸ்டிக் அடி வெயிலில் நொறுங்கும், வெயில் தாங்கும் பாலிகார்பனேட் என்று இருந்தால் வாங்கலாம். சருகு சேர்ந்தால் எடுத்துவிட வேண்டும். முள்ளுக்கிடையில் சருகு தங்கினால் கூடு கட்ட அதைவிடத் தோதான இடம் இல்லை.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் காக்கை இனத்து மேக்பை ஒன்று இந்த முட்களையே பிடுங்கி, சுமார் 1,500 முள் கொண்ட கூடு கட்டியிருந்தது. 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். கூட்டின் மேற்கூரையில் முட்கள் வெளிப்பக்கம் நீட்டியபடி, அதாவது மற்ற பறவைகளைத் தடுக்க, நாம் வைக்கிற அதே காரணத்துக்கு. அதனால் ‘எல்லாப் பறவைக்கும்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ‘புறாவுக்கு’ என்று போடுங்கள்.