2018 மார்ச்சில் முகநூலை மூடியது சரியா?

கிழக்கு_வாசகன்
ஜூன் 18 ஐ.நா.வின் வெறுப்புப் பேச்சு எதிர்ப்பு நாள். 2019இல் அதே தேதியில்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் அதற்கான செயல்திட்டத்தை வெளியிட்டார். அந்த நாள் வரும்போதெல்லாம் எனக்கு 2018 மார்ச் 7 நினைவுக்கு வரும். முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி எரிந்துகொண்டிருக்க, இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஒரு வாரம் அப்படியே கிடந்தது. அது பிழை என்றே இன்றைக்கும் சொல்வேன்.

அம்பாறையில் தொடங்கியதை மறந்துவிட்டோமா? பெப்ரவரி 26 இரவு, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர் கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரைதானே என்று சிங்களத்தில் கத்துகிறார். கூட்டம் சூழ்ந்துவிட்டது. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. மாவுக் கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, போட்டோம் என்கிற மாதிரி அரைகுறையாக ஏதோ சொல்கிறார். அதை ஒருவர் ஃபோனில் பிடித்துவிட்டார். அன்றிரவே கடையும் போனது, பள்ளிவாசலும் அடி வாங்கியது. அரசுப் பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதித்துச் சொன்னார்: அது வெறும் மா. சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லை.

அந்தப் பொய் ஒரு நாளில் முளைத்ததில்லை. சிங்கள முகநூல் பக்கங்களில் வருஷக்கணக்காக ஓடியது. கொலை செய்யச் சொன்ன பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கே 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்த ஆட்கள் அப்போது நிறுவனத்தில் போதவில்லை. 2020 மே மாதம் முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. இதெல்லாம் நடக்கும்போது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தீப்பிடித்த பிறகு ஊர் முழுக்க வாயைக் கட்டினால் என்ன நியாயம்?

அக்குறணை_நஸ்ரின்
வாசகன் தம்பி, நீங்கள் சொன்ன அம்பாறைக் கதையில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் அந்த வாரம் நான் கண்டியில் இருந்தேன். திகனவில் என் மாமாவுக்குக் கடை. திகனத் தெருவில் நடந்துகொண்டே, இங்கே முஸ்லிம் கடைகள் கூடிப்போச்சு என்று ஒருவர் பேசிய வீடியோ எல்லாருடைய ஃபோனிலும் வந்தது. அடுத்தது எந்த ஊர், எத்தனை மணிக்கு என்று குரல் செய்திகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஊரடங்கு போட்டும் நிற்கவில்லை. பிள்ளைகளைச் செருப்போடுதான் படுக்க வைத்தேன். பின்கதவைத் திறந்து ஓடவேண்டி வந்தால் செருப்புத் தேட நேரம் இருக்காது.

மார்ச் 7க்குப் பிறகு அந்தக் குரல் செய்திகள் குறைந்தன. தடையைத் தாண்டிப் போகும் விபிஎன் செயலி வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள், தெரியும். ஆனால் பெற்றோல் குண்டோடு நிற்கிற பொடியன்கள் எல்லாருமா விபிஎன் வைத்திருந்தார்கள்? எங்களுக்கு அது மூச்சு விடக் கிடைத்த நேரம்.

திருப்பூர்_மணி
நஸ்ரின் அக்கா, நீங்க பட்டதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா எங்க ஊர்ல நடந்ததைச் சொல்லணும். 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோ பரவுச்சு. எங்க பனியன் கம்பெனியில கட்டிங் டேபிள்ல நிக்கிற பையன் கை நடுங்க ஃபோனைக் காட்டினான். அவங்க அம்மா ஊர்ல அழுதுட்டே கூப்பிடுறாங்க, கிளம்பி வந்துருன்னு.

அப்போ தமிழ்நாடு போலீஸ் தலைவரா இருந்த டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து மறுத்தார். ஒரு வீடியோ பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்க சண்டைன்னு விளக்கினாங்க. காவல்துறை இந்தியிலேயே அறிவிப்பு போட்டுச்சு. பீகார்லேர்ந்து அதிகாரிகள் நேர்ல வந்து தொழிலாளர்கள்கிட்டயே பேசினாங்க. பொய்யைப் பரப்பினவங்க மேல வழக்குப் பாய்ஞ்சுது. நெட்டை யாரும் நிறுத்தலை. அந்தப் பையன் இந்தி அறிவிப்பைத்தான் அவங்க அம்மாவுக்கு அனுப்பினான். தமிழ்ல மட்டும் மறுத்திருந்தா அவன் எதை அனுப்பியிருப்பான்?

2018 மே மாசம் போளூர் பக்கத்துல, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயசு அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சே கொன்னாங்க. அப்போ மக்களுக்குப் புரியுற மாதிரி நேரத்துக்கு யாரும் பேசலைங்கிறதுதான் என் வருத்தம்.

அக்குறணை_நஸ்ரின்
மணி தம்பி, உங்கள் டிஜிபி சொன்னதும் நம்பினார்கள். ஏன் தெரியுமா? அவருக்குப் பின்னால் நின்ற பொலிஸ் தொழிலாளர்கள் பக்கம் நின்றது. எங்கள் தெருவில் பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மா அறிக்கை வருமுன் பள்ளிவாசல் உடைந்துவிட்டது. உண்மை வந்து சேரும்வரை அடி வாங்குகிறவர் எங்கே ஒளிவது?

பழைய_வானொலி
நஸ்ரின் அவர்கள் பக்கம் ஒரு சாட்சி. ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி துத்சி இன மக்களைக் கரப்பான் பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 1994இல் இனப்படுகொலை நடந்தபோது கொல்ல வேண்டியவர்களின் பெயர்களையே வாசித்தது. ஐ.நா. படைக்கு அங்கே சொந்த வானொலி கிடையாது. அந்த ஆர்டிஎல்எம் ஒலிபரப்பை முடக்கச் சொல்லிக் கேட்டார் ஐ.நா. படைத் தளபதி டலேர். விமானத்திலிருந்து முடக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு என்று அமெரிக்கா கைவிரித்தது. 2003இல் ஊடகத் தலைவர்கள் மூவருக்கு ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டனை கொடுத்தது. செத்தவர்களுக்கு அதனால் என்ன?

கிழக்கு_வாசகன்
ஐயா, அங்கே முடக்கச் சொன்னது கொலைக்கு ஆள் கூப்பிட்ட ஒரு நிலையத்தை. இங்கே முடக்கியது எல்லார் ஃபோனையும். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்றும் மூடினார்கள். கட்டாரில் இருந்த என் அண்ணன் எங்களை வாட்ஸ்அப்பில் பிடிக்க முடியாமல், நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் இருந்தார். அடுத்த மாதமே அதே மலட்டுப் பொய் திரும்பி வந்தது. ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தில்! முஸ்லிம் டாக்டர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டாராம். சிஐடி தேடியும் ஆதாரம் இல்லை. இதற்கு எதை மூடுவது?

நஸ்ரின் ராத்தா, அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் யார்மேல் பாய்கிறது என்றும் பாருங்கள். வெறுப்பைத் தடுக்கும் ஐசிசிபிஆர் சட்டத்தில், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணை இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்தார்கள். 2020 மே மாதம் கவிஞர் அஹ்னாப் ஜசீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். காரணம் அவருடைய தமிழ்க் கவிதைகள். தீவிரவாதம் தூண்டுகிறதாம். தமிழ் தெரிந்தவர்கள் படித்தால் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகளே இருக்கின்றன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்து, பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 வாக்குகளில் நிறைவேற்றினார்கள். எது பொய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர்.

அக்குறணை_நஸ்ரின்
அஹ்னாபின் வழக்கை எடுத்துவிட்டீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சட்டத்துக்கு நான் ஒருக்காலும் கை தூக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்க என்னால் ஏலாது. நீங்கள் அண்ணனுக்காகப் பேசுகிறீர்கள், நான் செருப்போடு படுத்த பிள்ளைகளுக்காகப் பேசுகிறேன்.

மா அறிக்கையைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா நல்லவர், கலவரத்தன்று எங்கள் நகையை அவர்தான் வாங்கி வைத்தார். போன மாதம் பேச்சுவாக்கில் கேட்கிறார்: 'அந்த மாத்திரை, உண்மையாகவே இல்லையா மகள்?' அவருக்குக் காட்ட, இரண்டு நிமிடத்தில் புரிகிற மாதிரி சிங்களத்தில் ஒரு வீடியோ தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.