சாதி வன்கொடுமைப் புகார்: பிரிவை முதல் நாளே போட வேண்டுமா?

மாறன்:
சென்னையில் சாதியைச் சொல்லித் திட்டினார் என்று புகார் வந்தால் உடனே எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்கிறார்கள். பார்க்கிங் தகராறா, வாடகைப் பாக்கியா என்று ரெண்டு நாள் விசாரித்துவிட்டுப் போட்டால் என்ன? கோர்ட்டில் நிற்காத வழக்கால் யாருக்குப் பயன்?

தாமிரா:
அந்த ரெண்டு நாளில்தான் வழக்கே சாகிறது. சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு எதிர்த்தரப்போடு சமரசம் பேசுவார்கள். அதற்குள் எதிர்க்கடை சிசிடிவியில் பழைய பதிவு அழிந்துவிடும், பார்த்தவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-ல் இந்தச் சட்டத்தில் 18ஏ பிரிவே வந்தது; 2020-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத்தின் முதல் தவணையும் எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான். அவமதிப்பு வழக்கில் அது 25 விழுக்காடு.

மாறன்:
அதே தீர்ப்பு, புகாரில் முகாந்திரம் (மேலோட்டமாகவே தெரியும் ஆதாரம்) இல்லாவிட்டால் இந்தச் சட்டத்திலுள்ள முன்ஜாமீன் தடை பொருந்தாது என்றும் சொல்கிறது. “சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினார்” என்று ஒற்றை வரி எழுதினால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) முன்ஜாமீன் வாங்கிவிடுவார். பேசிய சொல் அப்படியே வேண்டும். எந்த இடம், யார் காதில் விழுந்தது, எதிரி எந்தச் சமூகம் என்பதும் வேண்டும். நாலு சுவருக்குள் வெளியாள் யாருமில்லாமல் திட்டினால் அது சட்டம் கேட்கிறபடி பொதுமக்கள் பார்வையில் நடந்ததாகாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாமிரா:
இதெல்லாம் புகாரை ஒழுங்காக எழுதி வாங்க வேண்டும் என்பதற்கான காரணம். எழுதி வாங்க ஒரு மணி நேரம் போதும், ரெண்டு நாள் எதற்கு?

எழில்:
ரெண்டு பேரும் விசாரணை அதிகாரியை விட்டுவிட்டீர்கள். இந்தச் சட்டத்தின் விதி 7-இன்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்; மாநகரத்தில் உதவி ஆணையர் (ஏ.சி.). எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்கி ஏ.சி. கையெழுத்து மட்டும் போட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ளும். வன்கொடுமைப் பிரிவைத் தாமதமாகச் சேர்த்தால் அதே சாட்சிகளை ஏ.சி. மறுபடி விசாரிக்க வேண்டும். ரெண்டு வாக்குமூலத்துக்கும் உள்ள முரண்பாட்டை எதிரியின் வக்கீல் விடமாட்டார். குற்றப்பத்திரிகைக்குக் கெடு 60 நாள். தாசில்தாரிடம் இருதரப்புச் சாதிச் சான்றையும் முதல் வாரமே கேட்காவிட்டால் அதுவும் தாண்டிப்போகும்.

மாறன்:
ஏ.சி. விஷயம் சரி, அதில் தாமதம் ஆபத்துதான். ஆனால் பொருண்மைப் பிழை (நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்ட புகார்) என்று முடிக்கப்படும் வழக்குகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

தாமிரா:
அவற்றைப் பொய் வழக்கு என்று கூட்டாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே பொய், பொருண்மைப் பிழை, உண்மை ஆனால் ஆதாரம் போதாது என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. முடிப்பதற்கு முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் போனதா, வழக்கை முடிப்பதை எதிர்த்து அவர் கோர்ட்டில் எதிர்ப்பு மனு போட்டாரா என்று பாருங்கள். வன்கொடுமைப் பிரிவே போடாமல் முடித்தவை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது.